சூரியனுக்கு அரைப் பேர்

சூரியனை நம்பாத மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். பார்த்ததோடு நிற்காமல் அவருக்கு ஓர் அநியாயமும் செய்திருக்கிறேன். இத்தனை நாளாக அதை எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வெட்கம்தான்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து பஸ் ஏறி, பஸ் இனிமேல் என்னால் முடியாது என்று திரும்புகிற இடத்தில் இறங்கி, இன்னும் அரை மணி நேரம் மேலே நடந்தால் ஒரு தோட்டம் வரும். அங்கே யாரைக் கேட்டாலும் 'பல்பு கங்காணி' என்றால்தான் வழி காட்டுவார்கள். கங்காணி என்றால் ஆட்களை நிறுத்தி வேலை வாங்குகிறவர். இவருக்குக் கீழே ஓர் ஆள்கூட இருந்ததில்லை. தேயிலை ஃபெக்டரியில் லைட் மாட்டுவதும் ஒயர் இழுப்பதும்தான் பென்ஷன் வயது வரைக்கும் அவர் வேலை. ஆள் இல்லாத குறைக்குப் பல்புகளிடமே வேலை வாங்கினார். கண் சிமிட்டுகிற டியூப் லைட்டுக்குக் கீழே போய் இடுப்பில் கை வைத்து நின்று, "என்ன, ஒடம்புக்கு முடியலையா? லீவு வேணும்னா சொல்லிட்டுப் போ" என்பாராம். பயத்தில் அந்த லைட் ஒழுங்காக எரிந்துவிடும் என்று ஃபெக்டரிக்காரர்கள் இன்றைக்கும் சத்தியம் பண்ணுவார்கள்.

நான் அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு விஞ்ஞான ஆசிரியராகப் போனபோது அவர் வேலையிலிருந்து நின்றுவிட்டிருந்தார். மனைவி காலமாகி, பிள்ளைகள் கொழும்புக் கடைகளில் வேலைக்குப் போய்விட, தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பிராவில் தனியாக இருந்தார். வேலை நின்றவர்கள் காம்பிராவில் இருக்கலாம், ஆனால் அவர்களைப் பற்றி ஒரு புகார் வந்தால் சாமான்களை வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும் என்பது தோட்டத்து மேனேஜராகப் புதிதாக வந்திருந்த தொரையின் சட்டம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நான் முதல் தடவை போன அன்றைக்கு அவர் வீட்டுச் சுவரில் ஒரு கலண்டரைப் பார்த்தேன். ஒவ்வொரு தேதியிலும் பென்சிலால் ஒரு கோடு, சிலதில் பாதிக் கோடு, பலதில் ஒன்றுமேயில்லை. தோட்டத்தில் முழு நாள் வேலை செய்தால் செக்ரோல் என்கிற வரவுப் பதிவில் 'பேர்' விழும். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். வரவே இல்லையென்றால் பேரே இல்லை. யாருக்கு இதெல்லாம் போடுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பனி மூட்டத்தைக் கையால் காட்டினார்.

"இந்தச் சூரியனுக்குத்தாங்க மாஸ்டர். போன மாசம் பூரா எட்டுப் பேரு. அதுலயும் அரைப் பேருதான் கூட. இவன நம்பி ஒரு செடிய வைக்க முடியுங்களா?"

சூரியனுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எல்லாவற்றிலும் டூப்ளிகேட் இருக்கிறது என்பது அவருடைய கட்சி. ஹட்டன் பஜாரில் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா, கள்ள நோட்டுப் பார்க்கிற பழைய ஊதா லைட் ஒன்றை இவரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பால்மா பக்கெட், பஸ் டிக்கெட், ஜாதகம், விபூதி என்று கையில் கிடைத்ததையெல்லாம் அந்த வெளிச்சத்தில் பிடித்து விசாரணை நடத்தினார். விபூதி மட்டும் தப்பியது.

இந்த நேரத்தில்தான் மாரியம்மன் கோயில் திருவிழா வந்தது. எங்கள் பக்கத்துக் குளிருக்கு வேம்பு பிழைக்காது. திருவிழாவுக்கு வேண்டிய வேப்பிலை எல்லாம் மாத்தளைக்கு அந்தப் பக்கமிருந்து லொறியில்தான் வர வேண்டும். அந்த வருஷம் ரோட்டில் மண் சரிந்து லொறி வரவில்லை. கோயில் கமிட்டித் தலைவர், அவர்தான் தோட்டத்தில் யூனியன் தலைவரும், ரொம்பப் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தார். நுவரெலியாவில் கல்யாண மண்டபம் சோடிக்கிற கடையிலிருந்து பிளாஸ்டிக் வேப்பிலை மாலை வாங்கி வந்து கரகத்தில் சுற்றிவிட்டார். தூரத்திலிருந்து பார்க்கப் பச்சைப் பசேல் என்றுதான் இருந்தது. எல்லாரும் கும்பிட்டோம்.

பல்பு கங்காணி மட்டும் கிட்டத்தில் போய், சட்டைப் பையிலிருந்து லைட்டை எடுத்துக் கரகத்தின் மேல் அடித்தார். இலை முழுக்க நீலமாக மினுங்கியது.

"அம்மனுக்கே டூப்ளிகேட்டா?" என்றார். கும்பிடாமல் திரும்பிப் போனார்.

அதற்கப்புறம் அவர் வீட்டு ஜன்னல் நிறம் மாறியது. மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் பனி இறங்கி லயம் இருட்டிப் போகும். அந்தப் பனிக்குள் கடைசிக் காம்பிராவிலிருந்து ஊதாவும் சிவப்பும் கலந்த ஒரு வெளிச்சம் கசிந்தது. உள் கதவுக்கு இரண்டு பூட்டு. ஜன்னலில் தேயிலைச் சாக்கின் உள்ளே ஒட்டியிருக்குமே, அந்த வெள்ளிக் கடதாசி. யாராவது கேட்டால், "ஒண்ணும் இல்லைங்க" என்பார். ஒன்றும் இல்லாத இடத்துக்கு எதற்கு இரண்டு பூட்டு?

பக்கத்துக் காம்பிராவில் இருக்கும் கொழுந்தெடுக்கிற அக்காதான் முதல் சந்தேகத்தைக் கிளப்பியது. சுவரில் கை வைத்தால் சுடுகிறது, உள்ளே மனிதர் யாரையோ அதட்டுகிறார், ஆகவே குட்டிச்சாத்தான்தான் என்றது. தலைவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. நோட்டுப் பார்க்கிற லைட் வைத்திருப்பவன் நோட்டு அடிக்காமலா இருப்பான் என்றார். இரண்டு கட்சியும் கடைசியில் விஞ்ஞானம் படித்தவனிடம் தீர்ப்புக் கேட்டு வந்தன.

எனக்கு அப்போது வயது இருபத்தாறு. தெரியாது என்ற சொல் வாயில் வராத வயது. போனில் பார்த்த வீடியோ ஒன்றை நினைத்துக்கொண்டு, வீட்டுக்குள்ளே ஊதா வெளிச்சம், உஷ்ணம், வெள்ளிக் கடதாசி மூன்றும் சேர்ந்தால் அது கஞ்சாதான் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே பயமாக இருந்தது. ஆனால் தலைவரும் அக்காவும் என்னைப் பார்த்த பார்வையில் இருந்த மரியாதையை விட மனம் வரவில்லை.

நேரில் விசாரித்துவிடுவோம் என்று மூன்று பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். அவர் எங்களை முன் காம்பிராவில் நிறுத்தி, கதவைச் சாத்தி, லைட்டை அணைத்து, நோட்டு லைட்டால் மூன்று பேரையும் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். என் வெள்ளைச் சட்டை பளீரென்று எரிந்தது. சோப்புத்தூளின் வேலை அது என்றார். சட்டைப் பையில் பள்ளிக்கூடத் தாளில் எழுதி மடித்து வைத்திருந்த லீவு விண்ணப்பம் அதைவிடப் பளீரென்று எரிந்தது. "நல்ல பேப்பரு. கடைப் பேப்பரு இப்படி எரியாது" என்று பாராட்டினார். நிலைமையைச் சுமுகமாக்கலாம் என்று நினைத்துத் தலைவர் ஒரு சிரிப்புச் சிரித்தார். கீழ் வரிசைப் பல் எல்லாம் நீலமாக மின்ன, மேலே நடுவில் நான்கு பல் மட்டும் கரிக்கட்டையாகத் தெரிந்தது.

"தலைவரே, மேல நாலு டூப்ளிகேட்டுங்களா?"

தலைவர் சிரிப்பைச் சாத்தினார். பக்கத்தில் நின்ற அக்கா புண்ணியத்தில் அன்றைக்குச் சாயந்திரத்துக்குள் அந்த நான்கு பல்லும் மேல் பிரிவு, கீழ்ப் பிரிவு, ஃபெக்டரி, கொட்டகலை பஸ் எல்லாம் சுற்றி வந்துவிட்டன. உள் காம்பிராவுக்குள் எங்களை அவர் விடவேயில்லை.

மறுநாள் தலைவர் என்னைத் தேடி வந்தார். தொரைக்கு ஒரு பெட்டிசன் போக வேண்டும், பேர் வேண்டாம், எழுதத் தெரிந்தவர் எழுதினால் நல்லது என்றார். எங்கள் பக்கத்தில் மொட்டைப் பெட்டிசன் எழுதாத ஊரே கிடையாது. இருந்தாலும் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நான் பள்ளிக்கூட ஆபீஸில் ஒரு தாள் எடுத்து, கையெழுத்துத் தெரியக் கூடாது என்று இடது கையால் எழுதினேன். கஞ்சா என்ற இடத்தில் கோடு வேறு போட்டேன். கீழே 'தோட்டத்தின் நன்மையை விரும்பும் ஒருவன்' என்று முடித்தேன். இப்படி எழுதுகிறவன் யாருடைய நன்மையை விரும்புவான் என்று உங்களுக்குத் தெரியும்.

நாலாம் நாள் பதினொரு மணிக்குத் தொரையின் ஜீப் வந்தது. பின்னாலேயே பொலிஸ் ஜீப். பள்ளிக்கூடத்து இடைவேளை மணி அடித்ததும் நானும் ஓடினேன். லயமே வாசலில் நின்றது. தலைவர் வாயை இறுக மூடிக்கொண்டு முன்வரிசையில் நின்றார். தொரை பெட்டிசனைக் கையில் வைத்துக்கொண்டு, உள் கதவைத் திறக்கச் சொன்னார். பல்பு கங்காணி எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு இரண்டு பூட்டையும் திறந்தார்.

உள்ளே நாலு சுவரும் வெள்ளிக் கடதாசி. மேலே கம்பியில் ஊதா பல்புகள் வரிசையாக, காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்கு நிற்கிறவர்கள் மாதிரி. ஒரு பக்கம் இடுப்பு வலிக்குப் பிடிக்கிற சிவப்பு லைட். அதற்குக் கீழே, தேயிலைக் கன்று வைக்கிற கறுப்புப் பைகளில், முழங்கால் உயரத்துக்கு ஏழு செடிகள்.

பொலிஸ் சார்ஜன் குனிந்து ஓர் இலையைத் தொட்டார். கிள்ளி முகர்ந்தார். "மே கொஹொம்பனே" என்றார் சிங்களத்தில். வேம்பு என்று சொல்ல எங்களுக்கு அவர் தேவையில்லை, ஆனால் முதலில் சொன்னது அவர்தான். சொல்லிவிட்டு மனிதர் தொப்பியைக் கழற்றினார். அம்மை போட்டால் சிங்களவர்கள் வீட்டு வாசலிலும் அதே இலைதான் தொங்கும். அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டது.

தொரைக்கு நம்பிக்கை வரவில்லை. எதற்கு இத்தனை லைட் என்று கேட்டார். அப்போதுதான் பல்பு கங்காணி முதன்முதலாக வாய் திறந்தார். சிவப்பு லைட் செடிக்குச் சூடு காட்ட, அது மன்னார் வெயிலுக்குச் சமம் என்றார். ஆனால் அதை மட்டும் காட்டி வளர்த்த முதல் செட் கன்றுகள் வெளிறிப்போய் நெடுநெடுவென்று வளர்ந்தன, இலையைக் கடித்துப் பார்த்தால் தண்ணீர் மாதிரி இருந்தது, கசப்பே இல்லை என்றார். கசக்காத வேப்பிலையை அம்மனுக்கு எப்படி வைப்பது? அதனால் நோட்டு லைட் மாதிரியே ஊதா பல்புகளை நானாவிடம் வாங்கி வந்து மாட்டி, அதையும் தினம் கொஞ்ச நேரம் காட்டினாராம்.

"ஊதா வெளிச்சம் பட்டாத்தாங்க தொரை இலைக்குக் கோவம் வரும். கோவம் வந்தாத்தான் கசக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புற ஊதா என்கிற கழியூதாக் கதிர் பட்டால் இலை தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கசப்புச் சத்துகளைச் சேர்த்து வைக்கும். அகச்சிவப்பு என்கிற செந்நிறக்கீழ்க் கதிருக்குப் பக்கத்துச் சிவப்பு கூடினால் தண்டு நீளும். இரண்டையும் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஒரு செடியிடமும் கேட்டுப் பார்த்ததில்லை. இந்த மனிதர் காம்பிராவுக்குள் பூட்டிக்கொண்டு கேட்டிருக்கிறார்.

பிறகு தொரையிடம், அந்தப் பெட்டிசனை ஒருக்கா பார்க்கலாமா என்று கேட்டு வாங்கினார். வாசிக்கவில்லை. நோட்டு லைட்டுக்குக் கீழே பிடித்தார். தாள் பளீரென்று எரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்ல பேப்பருங்க தொரை" என்றார்.

அந்தக் குளிரில் எனக்கு முதுகு வியர்த்தது.

கஞ்சா இல்லை என்றானது. ஆனால் தொரை விடவில்லை. லயத்து ஒயர் பழசு, இந்த லைட்டுகளைத் தாங்காது, பற்றிக்கொண்டால் பன்னிரண்டு குடும்பம் தெருவில் நிற்கும் என்றார். அதில் தப்புச் சொல்ல முடியாது. நாளை மறுநாள் பார்க்கும்போது லைட்டுகள் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் அவர் போயிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். சார்ஜன் ஒரு கொத்து இலை கேட்டு வாங்கிக் காக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் நான் அவர் வீட்டுக்குப் போனேன். ஜன்னலில் ஊதா இல்லை. கதவும் பூட்டவில்லை. அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். தன் கம்பளியை எடுத்து ஏழு பைகளையும் சேர்த்துச் சுற்றி வைத்திருந்தார். ஓரத்தில் நின்ற சின்னக் கன்றுக்குக் கம்பளி எட்டவில்லை. அதன் தலையில் தன் குல்லாவைக் கவிழ்த்திருந்தார். மொட்டைத் தலையோடு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை.

பள்ளிக்கூடத்து விஞ்ஞான அறையில் புது ஒயர், நல்ல பிளக் எல்லாம் இருக்கிறது, கன்றுகளை அங்கே கொண்டுபோய் வைக்கலாம், பள்ளிக்கூட அதிபரிடம் நான் பேசிவிட்டேன் என்றேன். அதிபரிடம் இன்னும் பேசியிருக்கவில்லை.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கையில் லைட் இல்லாமலே அவர் பார்வை அப்படித்தான் இருக்கும்.

"ஒங்களுக்கு எதுக்குங்க மாஸ்டர் இந்த வேலை?"

"பிள்ளைகளுக்குக் காட்டலாம்" என்றேன்.

அவர் நம்பவில்லை. ஆனால் கன்றுகளுக்குக் குளிர்கிறது என்பதை நம்பினார், எழுந்தார்.

அக்கா தன் கொழுந்துக் கூடையோடு இன்னும் இரண்டு கூடைகளை வாங்கி வந்தது. கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டி முதுகில் சுமப்பது பெண்கள் வேலை. நானும் பல்பு கங்காணியும் அப்படி மாட்டிக்கொண்டு, முதுகில் வேம்பு அசைய, மலை ஏறினதைக் கண்டு மலையில் நின்ற பெண்கள் கொழுந்தெடுப்பதையே விட்டுவிட்டுச் சிரித்தார்கள். எத்தனை கிலோ என்று ஒருத்தி கேட்டாள். மாஸ்டருக்கு அரைப் பேர்தான் என்றாள் இன்னொருத்தி. இரண்டு இடத்தில் நான் வழுக்கி விழுந்தேன். கன்று விழவில்லை.

அதிபருக்கு இது மாணவர் செயற்றிட்டம் என்று விளக்கினேன். அதற்கப்புறம் பள்ளிக்கூட ஜன்னலில் ஊதா எரிந்தது. தினம் காலையில் பல்பு கங்காணி வந்து பல்புகளுக்குப் பெரட்டு எடுத்து, கறுத்துப் போன ஒன்றை எல்லார் முன்னாலும் திட்டி, கலண்டரில் சூரியனுக்குப் பேர் போட்டுவிட்டுப் போவார். இரண்டாம் வாரம் அதிபருக்கு ஒரு மொட்டைப் பெட்டிசன் வந்தது. விஞ்ஞான மாஸ்டர் அறைக்குள் வைத்து என்னவோ வளர்க்கிறார் என்று. நானே அதை நோட்டு லைட்டில் பிடித்துப் பார்த்தேன். எரியவில்லை. கடைப் பேப்பர். தலைவர்தான் என்று நினைத்துக்கொண்டேன், ஆனால் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

அடுத்த திருவிழாவுக்கு ஏழு கன்றின் இலையும் சேர்ந்து கரகத்தின் உச்சிக்கு மட்டும்தான் போதுமாக இருந்தது. கோயில் வாசலில் தலைவரின் மரியாதைக்காகப் பிளாஸ்டிக் மாலையும் தொங்கியது. பூசாரி கட்டுவதற்கு முன்னால் ஓர் இலையை வாயில் போட்டு மென்றார். முகம் கோணியது. கண்ணில் தண்ணீர் வந்தது. துப்பிவிட்டு, "ஆத்தா வந்துட்டா" என்றார். பல்பு கங்காணி பின்வரிசையில் நின்றபடி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். அவர் சந்தேகம் இல்லாமல் ஒன்றைப் பார்த்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

மறுநாள் காலையில் விஞ்ஞான அறைக்குப் போனேன். அவர் முன்னாலேயே வந்திருந்தார். பழைய கலண்டரைக் கொண்டுவந்து மேசையில் விரித்து வைத்திருந்தார். பொலிஸ் வந்த தேதியில் சூரியனுக்கு அரைக் கோடு. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'மாஸ்டர்' என்று எழுதி, பக்கத்தில் ஒன்றும் போடாமல் விட்டிருந்தார். கன்றுகளைத் தூக்கிக்கொண்டு வந்ததும் அதே நாள்தான். அந்த வெற்றிடத்தில் என் கண் முன்னால் பென்சிலை வைத்து, அழுத்தி, ஒரு முழுக் கோடு போட்டார்.

ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கே தெரியுங்களா?" என்று கேட்டேன்.

"தோட்டத்துல அந்தப் பேப்பரு பள்ளிக்கூடத்துலதானே இருக்கு."

"தொரைகிட்ட சொல்லியிருக்கலாமே. ஒங்க காம்பிரா போக இருந்திச்சே."

"சொன்னா ஒங்க வேலை போயிருக்குமே" என்றார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "எனக்குக் காம்பிரா போனா எங்கயாவது ஒண்டிக்குவேன். இந்த மலைக்கு விஞ்ஞானத்துக்கு இன்னொரு மாஸ்டர் வர எத்தன வருஷமாகும், சொல்லுங்க பாப்போம்."

பிறகு எழுந்துபோய், மங்கலாக எரிந்த ஒரு பல்பை அதட்ட ஆரம்பித்தார்.

எனக்கு ஹட்டனுக்கு மாற்றம் கிடைத்து ஆறு வருஷம் ஆகிறது. இங்கே பனி குறைவு. இதை எழுதும்போது மேசை மேல் நல்ல வெயில் விழுந்திருக்கிறது, நாள் முழுக்க இருக்கும் போலத் தெரிகிறது. இருந்தாலும் அவர் பார்த்துப் பேர் போடாதவரைக்கும் எனக்கு அது வெயில் மாதிரியே இல்லை.